"இலவச நரம்புப் பரிசோதனை" நோட்டீஸ் வந்தால் பணம் கட்டும் முன் படியுங்கள்

சுகர் உள்ள வீடுகளைத் தேடித்தான் இந்த நோட்டீஸ் வருகிறது. பாதம் எரிகிறதா, மதமதப்பா, பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாருங்கள், பரிசோதனை இலவசம். அங்கே போய் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வந்தவர்கள் சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. உட்கார வைக்கிறார்கள், ஒரு மிஷினைக் காலில் வைக்கிறார்கள், சிவப்பு எழுத்தில் ஒரு ரிப்போர்ட் வருகிறது, "நரம்பு 80 சதவீதம் போயிடுச்சு, இப்பவே ஆரம்பிக்கலேன்னா காலை எடுக்கணும்" என்கிறார்கள், பிறகு பேக்கேஜ் விலை.

அந்த மிஷின் பொய்யில்லை. பயோதீசியோமீட்டர் என்பது அதிர்வு உணர்வைப் பார்க்கும் நல்ல கருவி. வோல்ட்டைக் கூட்டக் கூட்ட முனை அதிரும். முதன்முதலில் எந்த வோல்ட்டில் தெரிகிறது என்று பார்ப்பார்கள். 15-க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை, 25-ஐத் தாண்டினால் புண் வரும் ஆபத்து அதிகம். ஏமாற்று நடப்பது அதை வைக்கும் விதத்தில். முதலில் கையில் வைத்து "அதிர்வு இப்படித்தான் இருக்கும்" என்று காட்ட வேண்டும். பிறகு முனையைச் செங்குத்தாக, அதன் சொந்த எடையிலேயே கால் கட்டைவிரலின் அடியில் வைத்து, பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மண்டபத்தில் குமிழை விர்ரென்று திருப்புகிறார்கள். "தெரியுது" என்று வாய் திறப்பதற்குள் எண் 30-ஐத் தாண்டிவிடும். காய்ப்பு பிடித்த தோல் மேல் வைத்தாலும், பாதம் வீங்கியிருந்தாலும் எண் எகிறும். வயதானவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். சதவீதக் கணக்கு எந்த வோல்ட்டிலிருந்தும் வராது. "80 சதவீதம் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

உண்மையில் பாதம் பார்ப்பவர் செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கைப் பிரித்துப் பார்ப்பார். பாதத்தின் மேல்புறத்திலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடிப்பார். 10 கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும் வரை வைத்து, உங்களைக் கண்ணை மூடச் சொல்லி "தெரியுதா" என்று கேட்பார். 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார். இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும். காலில் நாடி கூடப் பிடிக்காமல் பேக்கேஜ் பேசுகிறவர் உங்கள் காலைப் பார்க்கவே இல்லை.

அடுத்தது "நச்சு எடுக்கும்" தொட்டி. உப்புத் தண்ணீரில் காலை வைத்துக் கரண்ட் கொடுத்தால் அரை மணியில் தண்ணீர் துருநிறமாகி நுரைக்கும், "பாருங்க, உடம்புல இருந்த அழுக்கு" என்பார்கள். அது உள்ளே இருக்கும் உலோகத் தகடு அரிக்கப்பட்டு வரும் இரும்புத் துரு. காலை வைக்காமல், வெறும் உப்புத் தண்ணீரில் அதே அரை மணி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதே நிறம்தான் வரும்.

அங்கே போடும் பி12 வைட்டமின் ஊசி விஷயத்தில்தான் நிறையப் பேர் உண்மையான நோயைக் கோட்டை விடுகிறார்கள். பி12 குறைவு பாத எரிச்சலுக்கு முக்கியமான காரணம். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், சுத்த சைவத்தில் பால், தயிரும் குறைவாக எடுப்பவர்களுக்கும் இது அடிக்கடி இருக்கும். ஆனால் ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசி போட வேண்டும். ஊசி போட்டுவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், குறைவு இருந்ததா இல்லையா என்றே பிறகு தெரியாது. ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. 200-க்கும் 300-க்கும் நடுவில் சந்தேகம். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போல் தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். "நரம்பு வைட்டமின்" மாத்திரைகளின் அட்டையில் பி6 எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். அதை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த பி6-தான் காலை மரக்கச் செய்யும். எரிச்சலுக்கு வாங்கிய மாத்திரையே எரிச்சலைக் கூட்டும் கொடுமை இது.

சுகர் இருந்தால் எரிச்சல் சுகரால்தான் என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. சுகரால் வருவது பெரும்பாலும் இரண்டு காலிலும் சமமாக, விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டது போல மேலே ஏறும்; ராத்திரியில் கூடும். ஒரு காலில் மட்டும் என்றால் சுகர் மேல் பழி போடாதீர்கள். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக இறங்கி, கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனால் ஐந்தாம் இடுப்பு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் என்றால் அதற்குக் கீழே உள்ள நரம்பு அழுந்தியிருக்கலாம். உள் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினால் உள்ளங்காலுக்கு ஷாக் அடித்தது போல் ஓடினால், அந்த இடத்தில் நரம்பு நெருக்கப்படுகிறது. மூன்றாம், நான்காம் விரலுக்கு நடுவே கூழாங்கல் மிதித்தது போல் இருந்தால் விரல்களுக்கு இடையிலான நரம்பு தடித்திருக்கலாம். முன்புறம் குறுகலான செருப்பை மாற்றினாலே பலருக்குக் குறையும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் அது நரம்பே இல்லை, பாதத்தின் அடித்தசை நார்.

நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிட்டால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால் நிம்மதி என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவால் அப்படி வரலாம். காசநோய் மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட், சில கீமோ மருந்துகள், தினசரிக் குடி, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் இதே எரிச்சலைத் தரும். உணர்ச்சியில்லாத வெளிறிய படையோடு கால் மரத்துப்போனால் தொழுநோயைப் பார்க்க வேண்டும். அதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வெட்கப்பட்டு மண்டபத்துக்குப் போய் மாதங்களைத் தொலைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நரம்பு ஒருமுறை முழுதாகப் போய்விட்டால் மருந்தால் திரும்பாது.

மசாஜ் மிஷின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுகர்காரருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் மற்ற காலைவிடச் சூடாக இருந்து, வலி அவ்வளவாக இல்லை என்றால், அது உணர்ச்சியற்ற எலும்புகள் உள்ளேயே நொறுங்கத் தொடங்குவதாக இருக்கலாம். சார்கோட் பாதம் என்பார்கள். சுளுக்கு என்று மிஷினால் நீவிவிட்டு நடக்கச் சொன்னால் வளைவு இடிந்து பாதம் தட்டையாகிவிடும். ஊன்றாமல் வைத்து, எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டு போடும் ஆர்த்தோ டாக்டரிடம் அன்றே போக வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே வரலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

வெந்நீர் ஒத்தடம் சொன்னாலும் அப்படித்தான். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள். தண்ணீரை வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்பும் மரத்த காலுக்கு ஆகாது. பொட்டலம் கட்டித் தரும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி சட்டென்று குறையும், சுகர் தாறுமாறாக ஏறும். ஈயம், ஆர்சனிக் கலந்த பொடி என்றால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

இதற்கெல்லாம் காத்திருக்க முடியாத நிலைகளும் உண்டு. கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, நாடி இல்லாமல் வலித்தால் சில மணி நேரமே கையில் இருக்கிறது. மரமரப்பு பாதத்தில் தொடங்கி நாள் கணக்கில் மேலேறி எழுந்து நிற்கவே முடியாமல் போனாலும், இரண்டு தொடை நடுவில் உணர்ச்சி போய் சிறுநீர் வராவிட்டாலும், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிதான்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் நோட்டீஸ், பில், ரிப்போர்ட், வாங்கிய மருந்தின் அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். சர்க்கரை நோய், பக்கவாதம், தொழுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது, அப்படி எழுதியிருந்தால் அந்த நோட்டீஸே ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் தரவில்லை என்றால் ஜிபே, போன்பே ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் மாற்றும் முன் பிரிண்ட் போட்டுவிடுங்கள்.