280 ரூபாய்க்கு ஒரு சாதா ரெசிஸ்டர்: சிந்தசைசர் கட்டுகிறவர்கள் கவனிக்க

வீட்டிலேயே அனலாக் சிந்த் (மின்னணு இசைக்கருவி) கட்டும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைனில் ‘விசிஓ பார்ட்ஸ் கிட்’ (விசிஓ என்பது வோல்டேஜுக்கேற்பச் சுருதி மாறும் ஆஸிலேட்டர்) என்று பையில் போட்டு விற்கும் ஒருவரிடம் போன மாதம் ஏமாந்தேன். பெயர் போடவில்லை. வந்த சரக்கைச் சொல்கிறேன், அதை வைத்து உஷாராகிக்கொள்ளுங்கள்.

பிசிபி (சர்க்யூட் போர்டு) ஏற்கெனவே கையில் இருந்தது. மற்ற உதிரிகளைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவிட்டேன். நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்காத மூன்றுக்காகத்தான் இந்தக் கிட்: 1கே (1000 ஓம்) டெம்ப்கோ ரெசிஸ்டர், அதாவது சூடு ஏற ஏற ஓம் மதிப்பும் ஏறுவது, 1000 பிகோஃபாரட் பாலிஸ்டைரீன் கெபாசிட்டர், ஜோடி பொருத்திய இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர். டெம்ப்கோவுக்கு மட்டும் 280 ரூபாய். சாதா 1கே ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஏன் அவ்வளவு கொடுக்கிறோம்? ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) ஏறும் என்கிறோமே, அந்த ஒரு வோல்ட் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும்போது வெறும் 18 மில்லிவோல்ட். சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த 18 போதாது, சுமார் 0.33 சதவீதம் கூடுதலாக வேண்டும். ரெசிஸ்டரும் அதே அளவு ஏறினால் கணக்கு சரியாகிவிடும். 3300 பிபிஎம் (டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 3300 பங்கு, அதாவது 0.33 சதவீதம்) டெம்ப்கோ செய்கிற வேலை அதுதான்.

பை வந்தது. கெபாசிட்டர் பாலிஸ்டைரீனே இல்லை, 102 என்று அச்சடித்த பழுப்பு நிற செராமிக் வட்டு. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவசரம், என்னிடம் பழைய பாலிஸ்டைரீன் ஒன்று கிடந்தது, அதைப் போட்டுக்கொண்டேன். டெம்ப்கோவை மீட்டரில் வைத்தேன். 1001 ஓம். சரி என்று சால்டர் செய்துவிட்டேன். தப்பு அங்கேதான்.

காலை ஆறு மணிக்கு டியூனர் ஆப் வைத்துச் சுருதி சேர்த்தேன், ஐந்து ஆக்டேவும் ஒழுங்காக நின்றன. மத்தியானம் அறை ஐந்தாறு டிகிரி ஏறியிருக்கும். கீழ் சுரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, நாலு ஆக்டேவ் மேலே ஏறக்குறைய ஒரு செமிடோன் (அரைச் சுரம்) இறங்கிவிட்டது. 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரே சூட்டில் சுருதி விலகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இரண்டு நாள் சுருதி சரிசெய்யும் டிரிம்மரைத் திருகிக்கொண்டிருந்தேன். டிரான்சிஸ்டர் ஜோடியைச் சந்தேகித்து அதையும் கழற்றினேன். டபுள் சைடு போர்டு, ஒரு பேட் (சால்டர் பிடிக்கும் செம்புத் துண்டு) பிய்ந்து கையோடு வந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஒயர் இழுத்து ஒட்டுப்போட்டிருக்கிறேன். இத்தனைக்கும் ஜோடி நன்றாகவே பொருந்தியிருந்தது.

கடைசியாகத்தான் டெம்ப்கோவைக் கழற்றிச் சோதித்தேன். மல்டிமீட்டர் 2000 ஓம் ரேஞ்சில், இரண்டு முனையிலும் முதலை கிளிப். ஃபேனை நிறுத்திவிட்டு ரெசிஸ்டரின் உடம்பை மட்டும் இரு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கால்களைத் தொட்டால் நம் தோலும் கணக்கில் சேர்ந்துவிடும். நிஜ டெம்ப்கோ என்றால் அரை நிமிடத்தில் பத்து ஓம் அளவுக்கு ஏறும், விட்டால் மெதுவாக இறங்கும். சால்டரிங் அயர்னைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனால் எண்கள் ஓடும். என்னுடையது 1001-லேயே உட்கார்ந்திருந்தது. சாதா மெட்டல் ஃபிலிம்.

விற்றவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். “1கே கேட்டீங்க, 1கே குடுத்திருக்கோம் சார். மீட்டர்ல வெச்சுப் பாருங்க” என்று பதில். மீட்டர் காட்டுவதைத்தானே வீடியோவில் அனுப்பியிருந்தேன்! நாலைந்து முறை சண்டை போட்ட பிறகு மாற்று அனுப்புகிறோம் என்றார்கள். பணம் திருப்பித் தர மாட்டார்களாம்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் 3340 வகை விசிஓ சிப்புக்குப் போகலாம், வெப்ப ஈடு உள்ளேயே இருக்கிறது. அடுத்த போர்டு எனக்கு அப்படித்தான்.

மாற்று நேற்று வந்தது. அதே நீல உடம்பு, அதே பட்டைகள். மீட்டரில் 998. விரலை வைத்து முழுதாக ஒரு நிமிடம் பிடித்தேன். 998.