எஸ்ஐஆரை மட்டும் நம்ப வேண்டாம்: டிஆர் தொகுப்போடு ஏழு வருடங்கள்

ரெக்ரஷனில், அதாவது ஒரு விளைவை (ஒய்) மற்ற மாறிகளை (எக்ஸ்) வைத்துக் கணிக்கும்போது, மாறிகள் பதினைந்து, இருபது என்று குவிந்துவிட்டால், எதை எதோடு வரைந்து பார்ப்பது என்றே தெரியாது. அந்த நேரத்தில் நான் தேடிப் போவது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் உள்ள, பல மாறிகளைச் சிலவாகச் சுருக்கும் 'டிஆர்' (dr) தொகுப்பைத்தான். சான்ஃபோர்ட் வைஸ்பெர்க் எழுதியது. ஏழு வருடமாகக் கையில் இருக்கிறது. பிசிஏவும் (முதன்மைக் கூறு பகுப்பாய்வு) மாறிகளைச் சுருக்கும், ஆனால் ஒய் பக்கம் திரும்பியே பார்க்காது. டிஆர் ஒய்யை வைத்துத்தான் திசையை, அதாவது ஒய்யோடு தொடர்புள்ள எக்ஸ்களின் கலவையை, தேடுகிறது. எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

முறை எதையும் குறிப்பிடாவிட்டால் எஸ்ஐஆர் (ஸ்லைஸ்டு இன்வர்ஸ் ரெக்ரஷன்) ஓடும். கெர்-சௌ லீ 1991-ல் வெளியிட்ட முறை அது. ஒய்யைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எக்ஸ்களின் சராசரி எப்படி நகர்கிறது என்று பார்க்கும். வேகமானது, ஆனால் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒருமுறை, எத்தனை திசைகள் தேவை என்று காட்டும் சோதனை அட்டவணையின் முதல் வரியிலேயே பி மதிப்பு 0.4 என்று வந்தது. ஒரு திசைக்குக்கூட ஆதாரம் இல்லை என்று அர்த்தம். படம் போட்டால், ஒரு மாறியோடு ஒய் அழகாக யூ வடிவத்தில் வளைந்து நிற்கிறது! யூவின் இடக்கையும் வலக்கையும் ஒரே துண்டில் விழுவதால் சராசரி நடுவிலேயே நின்றுவிடுகிறது. துண்டுக்குள் இருக்கும் சிதறலையும் கணக்கில் எடுக்கும் 'சேவ்' முறைக்கு மாற்றினேன். அதே திசை முதலிடத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து இரண்டையும் ஓட்டாமல் முடிவு எழுதுவதில்லை. சேவுக்குத் தரவு நிறைய வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

துண்டு எண்ணிக்கையை 5, 8, 12 என்று மாற்றிப் பார்ப்பேன். திசை அசையாமல் இருந்தால்தான் நம்புவேன். கெழுக்களின் (திசையில் ஒவ்வொரு மாறிக்கும் உள்ள எடை) கூட்டல், கழித்தல் குறி மொத்தமாகப் புரண்டு வந்தால் பதற வேண்டாம், திசை அதேதான்.

ஆம், இல்லை போன்ற வகை மாறிகளை உள்ளே திணித்தால் சரிவராது. தரவு வரிசைகளைவிட மாறிகள் அதிகமாக இருந்தாலும் இது உதவாது.

அப்புறம், எக்ஸ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் முதலில் லாக் எடுங்கள். மாறிகளுக்குள் உள்ள உறவு ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும் என்ற அனுமானத்தில்தான் எல்லாமே நிற்கிறது. தொகுப்போடு வரும் 202 ஆஸ்திரேலிய விளையாட்டு வீரர்களின் தரவில் லாக் எடுத்தும் எடுக்காமலும் ஓட்டி, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.