கோட்டைவாசலுக்கு இருபுறமும்: டாமினார் 400 உடன் 52,000 கிலோமீட்டர்

செங்கோட்டையில் வீடும் புனலூரில் வேலையுமாக எனக்குப் பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலைவழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் பைக்கிலும் மற்ற நாள்களில் ரயிலிலும் மலையைக் கடக்கிறேன். வயது 44, உயரம் 168 சென்டிமீட்டர். வண்டி, 2022 பிப்ரவரியில் வாங்கிய பச்சை நிற பஜாஜ் டாமினார் 400. நான்கு ஆண்டுகளில் 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும் இந்த வண்டியைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், நான் வாசித்த அனுபவக் குறிப்புகளில் பெரும்பாலானவை நான்குவழிச் சாலையில் ஓட்டி எழுதப்பட்டவையாக இருந்ததுதான். எங்கள் பகுதியில் ஒரே பயணத்துக்குள் காற்றடிக்கும் நேர்ச்சாலையும், மழையில் ஊறிய வளைவுச் சாலையும் வந்துவிடுகின்றன. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்குக் கிழக்கே ஒரு வண்டி, மேற்கே வேறொரு வண்டி என்று சொல்லும் அளவுக்கு இதன் குணம் மாறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆரியங்காவில் ஒரு டீக்கடையில் கூடும் ஐந்து பேரில் நானும் ஒருவன். கடையநல்லூரிலிருந்து வருபவர் ஹோண்டா சிபிஆர் 250ஆர் வைத்திருக்கிறார்; 2011இல் அந்த வண்டி இந்தியாவுக்கு வந்தபோதே வாங்கியவர். தென்காசி நண்பரிடம் இருப்பது 2003இல் அறிமுகமான முதல் தலைமுறை கரிஷ்மா. 223 சிசி எஞ்சினோடு அது வந்த காலத்தில், கடன் வாங்கியாவது வாங்கிவிட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் துடித்திருக்கிறோம். வாங்கியவர் அவர் ஒருவர்தான். மூன்றாமவர் ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓட்டுகிறார். குளத்துப்புழையிலிருந்து வரும் ஆசிரியரின் வண்டி 648 சிசி இன்டர்செப்டர். அது ஸ்போர்ட் டூரிங் வகையில் சேராது என்று நாங்கள் நால்வரும் வாதிடுவோம். ஆனால் மலை இறங்கி முதலில் போய்ச் சேர்பவர் அவராகவே இருப்பதால் வாதம் அதற்குமேல் வளர்வதில்லை.

இந்த வகையைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தய வண்டியின் வேகத்தையும் வளைவில் சாயும் திறனையும் ஓரளவு வைத்துக்கொண்டு, முதுகும் மணிக்கட்டும் வலிக்காமல், மூட்டைமுடிச்சோடு நாள் முழுவதும் ஓட்டக்கூடியதை ஸ்போர்ட் டூரிங் வண்டி என்கிறார்கள். 1976இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட ஆர்100 ஆர்எஸ் வண்டியில், ஓட்டுபவரைக் காற்றிலிருந்து மறைப்பதற்காகக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு உறையைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியிருந்தார்கள். இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். டாமினாருக்கு அப்படி முழு உறை கிடையாது. 2016 டிசம்பரில் 35 குதிரைத் திறனோடு அறிமுகமாகி, 2019இல் 40 குதிரைத் திறனும் தலைகீழ் முன் ஃபோர்க்கும் பெற்ற 373 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி இது. நான் வாங்கியதில் உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கைக்காப்பு, பின் கேரியர், எஞ்சினுக்கு அடிக்காப்பு, சார்ஜ் செய்யும் துளை ஆகியவை தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தன.

முதலில் கிழக்குப் பக்கத்தைச் சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி வழியாக ராஜபாளையம் போகும் சாலை ஏறக்குறைய மலைக்கு இணையாகவே வடக்கு நோக்கி ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக நுழைந்து இந்தச் சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் பழமொழியாக மட்டும் இருப்பதில்லை. 193 கிலோ எடை இங்கேதான் பயன்படுகிறது. நான் முன்பு வைத்திருந்த 150 சிசி வண்டியில், லாரியைத் தாண்டி அதன் மறைவிலிருந்து வெளிவரும் கணத்தில் காற்று ஒரு முழம் தள்ளிவிடும். டாமினாரில் தோளில் ஒரு தட்டுத் தட்டியதுபோல உணர்வதோடு சரி.

ஆனால் அந்த நிதானத்தை நானே ஒருமுறை கெடுத்துக்கொண்டேன். முதல் ஆண்டிலேயே ஒரு கடையில் 45 லிட்டர் கொள்ளளவுள்ள பின்பெட்டியை வாங்கிக் கேரியரில் மாட்டினேன். பெட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தள்ளி உட்காருவதால், அதில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் மீதான பாரத்தைக் குறைக்கிறது. அதோடு பாய்மரம்போலக் காற்றையும் வாங்குகிறது. வாசுதேவநல்லூருக்கு அருகே மணிக்கு 90 கிலோமீட்டரில் ஹேண்டில்பார் மெதுவாக அசையத் தொடங்கியபோது சக்கரத்தில்தான் கோளாறு என்று பயந்துபோய் நிறுத்தினேன். பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்ததில் அசைவு இல்லை. அன்றிலிருந்து இருபுறமும் தொங்கும் துணிப் பைகள்தான். பெட்டி இப்போது வீட்டில் வெங்காயம் போட்டுவைக்கப் பயன்படுகிறது.

இந்தப் பக்கத்தில் ஆறாம் கியரில் மணிக்கு 90 முதல் 100 வரை வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைத்துவந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் 28 கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் இந்தக் குறைவு எனக்கு வியப்பாக இல்லை. டேங்க் 13 லிட்டர் கொள்ளும். 300 கிலோமீட்டருக்குள் பங்க்கைத் தேடிக்கொள்வது என் வழக்கம். கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் விலை சற்றுக் குறைவு என்பதால் மலை ஏறுமுன் செங்கோட்டையிலேயே நிரப்பிவிடுகிறேன்.

புளியரை எஸ் வளைவிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. 35 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று விவரத்தாளில் வாசித்தபோது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. பாவூர்ச்சத்திரத்துக் காய்கறியை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் லாரி முன்னால் முனகியபடி ஊர்ந்துகொண்டிருக்க, எதிர்ச்சாலை ஐந்து நொடிகளுக்கு மட்டும் காலியாகத் தெரியும் இடத்தில், மூன்றாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை முறுக்கித் தாண்டிவிட முடிகிறபோதுதான் அந்த எண் புரிந்தது. அதே சமயம் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்குக் கீழே பெரிய கியரில் இழுக்கச் சொன்னால் இருமத் தொடங்கிவிடும். மலையில் கியரைச் சோம்பாமல் மாற்றுகிறவருக்கே இது பொருந்தும்.

இறக்கத்தில் ஸ்லிப்பர் கிளட்ச் தன் வேலையைக் காட்டுகிறது. நான்கிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இறக்கும்போது, எஞ்சினின் பிடி பின்சக்கரத்தைச் சட்டென்று கவ்வித் தடுமாறச் செய்யும். இந்தக் கிளட்ச் அந்தப் பின்விசையின் ஒரு பகுதியை நழுவவிட்டுச் சக்கரத்தைச் சுழல விடுகிறது. அதனால் எஞ்சின் பிரேக்கை நம்பி இறங்கலாம். பிரேக்கை மட்டுமே பிடித்துக்கொண்டு நீண்ட இறக்கம் இறங்கினால் பிரேக் ஆயில் சூடேறிக் கொதித்து, லீவர் பஞ்சுபோல உள்ளே போய்விடும். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். மழைக்காலம் இவ்வளவு நீளமான ஊரில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றாமல் விடக் கூடாது. எங்கள் ஐவரில் இதை மறந்த ஒருவர் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் நின்று, அரை மணிநேரம் வண்டியை ஆறவைத்தார். அவர் யார் என்பதை நான் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை டீக்கு நான்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

கோட்டைவாசலைக் கடந்ததும் வெயில் ஈரமாகிவிடுகிறது. ஆரியங்காவிலிருந்து கழுதுருட்டி வழியாகத் தென்மலை வரை சாலையும் ஆறும் ரயில் பாதையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டே போகின்றன. 1904இல் திறந்த அந்த ரயில் பாதையின் பதின்மூன்று வளைவுகள் கொண்ட கண்ணறைப் பாலத்துக்கு அருகில்தான் நான் ஒரே ஒருமுறை இந்த வண்டியோடு விழுந்தேன். கதை டயரைப் பற்றியது.

வண்டியோடு வந்த, 150 மில்லிமீட்டர் அகலமுள்ள பின்டயர் 14,000 கிலோமீட்டர் வந்தது. அது போதாது என்று தோன்றியதால், நீண்டநாள் உழைக்கும் என்று கடைக்காரர் சொன்ன, ரப்பர் சற்றுக் கடினமான வேறொரு டயரைப் போட்டேன். சொன்னதுபோலவே 19,000 கிலோமீட்டர் உழைத்தது. கிழக்குப் பக்கத்துச் சூட்டில் அதைப்போல் நல்ல டயர் கிடையாது. மேற்குப் பக்கத்தில் ஜூலை மாத மழையில், ஆற்றோரமாகத் திரும்பும் ஒரு சாதாரண வளைவின் முடிவில் ஆக்சிலரேட்டரை வழக்கம்போலத் திருகியபோது பின்சக்கரம் வழுக்கி வெளியே போனது. இரட்டைச் சேனல் ஏபிஎஸ் இருந்துமா என்று வீட்டில் கேட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. ஆக்சிலரேட்டர் கொடுத்து வழுக்குவதை அது தடுக்காது. அதற்கான டிராக்ஷன் கன்ட்ரோல் இந்த வண்டியில் இல்லை. வேகம் குறைவாக இருந்ததால் முழங்கையில் சிராய்ப்பும், கைக்காப்பில் ஒரு கீறலும், ரெயின்கோட்டில் ஒரு கிழிசலுமாக முடிந்தது.

அந்த டயரில் இன்னொன்றும் கவனித்தேன். ராஜபாளையம் சாலையில் நேராகவே ஓடி ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிட, ஓரங்கள் புதிதுபோலவே நின்றன. அப்படிப்பட்ட டயரோடு வளைவில் சாயும்போது, ஒரு படியிலிருந்து அடுத்த படியில் கால் வைத்ததுபோல வண்டி திடுக்கென்று விழுந்து சாய்கிறது. மூன்றாவதாக மென்மையான ரப்பருக்கு மாறினேன். 12,500 கிலோமீட்டரில் தீர்ந்துபோனாலும் மழையில் கை நடுங்கவில்லை. இப்போது நான்காவதாக அதே டயரின் இன்னொன்று ஓடுகிறது. எல்லையின் இருபுறமும் ஓட்டுகிறவர், கிலோமீட்டர் கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மழைக்கான டயரையே வாங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

செயின் விஷயத்தில் நான் பட்ட அடி வேறு. ஒரு பணிமனையில் வண்டியை இரட்டை ஸ்டாண்டில் ஏற்றி, செயினைத் தந்திக்கம்பிபோல இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் மனைவியோடும் இரண்டு பைகளோடும் எர்ணாகுளம் கிளம்பினேன். கொட்டாரக்கரை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. திரும்பி வந்தபின் செங்கோட்டை மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, “அண்ணாச்சி, ஆளை உட்கார வச்சுப் பாத்தியளா?” என்பதுதான். பாரம் ஏறி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அழுந்தும்போது, முன் பற்சக்கரமும் ஸ்விங் ஆர்மின் சுழல் அச்சும் பின்சக்கர அச்சும் ஒரே கோட்டுக்கு வருகின்றன. அந்த நிலையில்தான் இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையே தூரம் மிக அதிகம், செயின் மிக இறுக்கம். சும்மா நிற்கும் வண்டியில் சரியாகத் தெரியும் செயின், இரண்டு பேர் ஏறினால் தாங்கி உருளைகளை (பேரிங்) தின்னத் தொடங்கிவிடும். எனக்கு ஒரு தாங்கி உருளையும், ஆயுள் முடியாத ஒரு செயினும் போயின. அதன்பிறகு மாட்டிய செயின் 25,000 கிலோமீட்டர் வந்தது. மழைக்காலத்தில் 400 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுகிறேன். வெயில் காலத்தில் 700 வரை விடுவேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றுகிறேன். பேட்டரி மூன்றாம் ஆண்டில் மாறியது. எல்இடி முகப்பு விளக்கு கணவாய்ப் பனியில் போதுமானதாக இருக்கிறது. கொல்லம் நகர நெரிசலில் ரேடியேட்டர் விசிறி ஓடும்போது காலில் வெப்பம் படும். நீர்க்குளிர்ப்பு எஞ்சினுக்கு அது இயல்பு. பெட்ரோல், காப்பீடு நீங்கலாக நான்கு ஆண்டுகளில் டயர்களும் சேர்த்து ஏறத்தாழ 78,000 ரூபாய் செலவாகியிருக்கிறது.

உடல்வாகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 800 மில்லிமீட்டர் இருக்கை உயரத்தில் என் இரு பாதங்களும் முக்கால்வாசிதான் தரையில் பதிகின்றன. சமதளத்தில் அது ஒரு பொருட்டல்ல. சபரிமலை சீசனில் ஆரியங்காவுக் கோயில் அருகே வண்டிகள் இருபுறமும் அடைத்துக்கொண்டு நிற்க, சரிவில் பின்னோக்கித் தள்ள வேண்டியிருக்கும்போது 193 கிலோவும் முழங்காலில் வந்து நிற்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறிய அன்றுகூட இவ்வளவு களைத்ததில்லை. என்னைவிட உயரம் குறைந்தவர்கள் வாங்குமுன் சரிவான இடத்தில் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது. கடை வாசலில் உட்கார்ந்து பார்ப்பதில் இது தெரியாது.

கரிஷ்மா நண்பர் போன மாதம் என் வண்டியை ராஜபாளையம் வரை ஓட்டிவிட்டு, விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை. முன்டயர் இன்னொரு சாரல் காலத்தைத் தாங்காது. வைகாசி முடிவதற்குள் அதை மாற்ற வேண்டும்.