அரசு வழக்கறிஞர் பயிற்சி வகுப்புகள்: பணம் எங்கே போக வேண்டும்?

2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபின் உதவி அரசு வழக்கறிஞர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில், செலவுக்குத் தகுந்த பலன் தருவது மின்னணுச் சான்று வகுப்புதான். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) பிரிவு மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழின் முதல் பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை நிபுணர். ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண், இரண்டிலும் வர வேண்டும். சிசிடிவி காட்சியை வேறு வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால் போதும், அந்த எண் மாறிவிடும். குறுக்கு விசாரணையில் அங்கேதான் பிடி விழும். இதை மடிக்கணினியில் செய்து காட்டுவது அருமை.

குறை நிதி ஒதுக்கீட்டில். அரங்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் தாராளம், பயணப்படியோ பின்னால்தான். வந்தவரின் நீதிமன்றத்தில் அன்றைய வழக்குகளைப் பார்க்க மாற்று ஆளும் இல்லை. அதனால் அவருக்குப் பாதி வகுப்பு தொலைபேசியிலேயே போகிறது. மாற்று ஏற்பாட்டுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.