கல்மண்டபம் ரெசின் கடை: கோபால்ட் தனி, கேட்டலிஸ்ட் தனி

சென்னை காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை பார்ப்பவர்களுக்கு ரெசின், அதாவது கண்ணாடி இழையோடு சேர்ந்து கெட்டியாகிப் படகாகும் பிசின், வாங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. நானும் மாமாவும் இப்போது வாங்குவது கல்மண்டபத்துக்கு உள்ளே இருக்கும் ஒற்றை ஷட்டர் கடையில். போர்டில் ‘ஃபைபர் மெட்டீரியல்ஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும். ‘அக்கா கடை’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். விலை மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூடத்தான். அப்படியும் ஏன் அங்கேயே போகிறீர்கள் என்று துறைமுகத்தில் பலர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ரெசின் பேரல், மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பு, வெளிப்பூச்சுக்கான ஜெல்கோட், பிக்மென்ட், ரோலர் எல்லாம் முன்பக்கம். ரெசினைச் சீக்கிரம் கெட்டியாக வைக்கும் கோபால்ட் திரவம் இடது சுவர் அலமாரியில். கெட்டியாவதைத் தொடங்கிவைக்கும் கேட்டலிஸ்ட் மட்டும் கண்ணில் படாது. அது பின்னால், வெயில் எட்டாத தனி அறையில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். வரிசையாக வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள், ஒவ்வொன்றிலும் மேல்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சளாக 5.2 என்று போட்ட சாய்சதுர லேபிள். ஆர்கானிக் பெராக்சைடு என்பதற்கான அடையாளம் அது. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே கேரி பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன். இங்கே அது நடக்காது. அக்கா முதலில் கோபால்ட் பாட்டிலைக் கொடுத்து, “இத வண்டி முன்னாடி மாட்டிட்டு வா தம்பி, அப்புறம் அத தரேன்” என்பார். கேட்டலிஸ்ட் பின் சீட்டுப் பெட்டிக்குள் போகும்வரை வாசலில் நின்று பார்ப்பார்.

காரணம் இருக்கிறது. நாம் கேட்டலிஸ்ட் என்று வாங்குவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. கோபால்ட் அதைச் சட்டென்று உடைத்துவிடும். ரெசினுக்குள் அந்த உடைப்பு நமக்கு வேண்டும், கெட்டியாவதே அதனால்தான். கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்று பரவலாகக் கலந்திருப்பதால் கிளம்பும் சூட்டை ரெசின் வாங்கிக்கொள்கிறது. ரெசின் இல்லாமல் இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் சூட்டை வாங்க ஆளில்லை. நொடியில் கொதித்துத் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ரெசினில் முதலில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும் என்று புது ஆட்களிடம் மாமா கத்துவது இதற்காகத்தான்.

இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் செய்யும் கப் டெஸ்ட். புது பேரல் திறந்தால், அன்றைக்கே 100 கிராம் ரெசினைக் காகிதக் கப்பில் எடுத்து, அளந்து கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் விட்டு, ஐஸ் குச்சியால் கலக்கி நேரம் பார்க்கிறார்கள். தேன் மாதிரி இழுபட்டது திடீரென்று குச்சியிலிருந்து கட்டியாக விழும். அந்த நிமிடத்தை மார்க்கரால் நம் கேனிலேயே எழுதிவிடுவார்கள். எங்கள் கேனில் இப்போது இருப்பது: ‘33 டிகிரி, 1.5 சதம், 14 நிமிடம்’. அதாவது 33 டிகிரி சூட்டில் 1.5 சதம் கேட்டலிஸ்ட் விட்டால் 14 நிமிடத்தில் கட்டியாகும். வேலை செய்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கப் கதை அதோடு முடிவதில்லை. அப்படிக் கட்டியாகி ஜெல் ஆன பிறகுதான் சூடு நன்றாக ஏறத் தொடங்கும். கையில் பிடிக்க முடியாது, ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் வாடை தூக்கும், நடுவில் டிக்கென்று விரிசல் விழும். அக்கா அதை ஷட்டருக்கு வெளியே மணல் தட்டில் வைத்துவிடுவார். அதே ரெசினை மேட்டின் மேல் ஒரு லேயராக உருட்டினால் கை வைத்துப் பார்க்கலாம், வெதுவெதுப்புதான். “சோத்த பானையில வெச்சா ஆறுமா, தட்டுல பரப்பினா ஆறுமா?” என்று அக்கா கேட்பது இந்த விஷயத்தைத்தான்.

நான் பி.எஸ்.சி. வேதியியல் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். அதனால் அக்கா சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவில் செமியோனோவ் 1928-இல் இதை எழுதினார். 1956-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வெப்பநிலை ஏற ஏற வினை தரும் சூடு மடமடவென்று கூடும், பல வினைகளில் 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு. வெளியே போகும் சூடோ நேர்கோட்டில்தான் கூடும். இரண்டும் சமமாகிற இடம் இருக்கும்வரை பொருள் கொஞ்சம் சூடாகி நின்றுவிடும். வெளிச்சூடு ஓர் அளவைத் தாண்டினால் அந்தச் சமம் எங்குமே கிடைக்காது. பிறகு சூடு கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே ஓடும். நெருப்புப் பொறி எதுவும் தேவையில்லை.

செமியோனோவ் பாத்திரம் முழுக்க ஒரே சூடு என்று எடுத்துக்கொண்டார். அவரோடு வேலை பார்த்த ஃபிராங்க்-காமெனெட்ஸ்கி 1930களின் கடைசியில், நடுப்பகுதியில் மாட்டிக்கொள்ளும் சூட்டைக் கணக்கில் கொண்டுவந்தார். வினையின் வேகம், அது தரும் வெப்பம், பொருள் வெப்பத்தைக் கடத்தும் திறன், பொருளின் அளவு எல்லாம் சேர்ந்து டெல்டா என்ற ஒரே எண்ணாகிறது. பலகை போன்ற வடிவத்துக்கு அது 0.88, நீள உருளைக்கு 2, உருண்டைக்கு 3.32 வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. இதில் அளவு வர்க்கமாக வருகிறது. கனத்தை இரண்டு மடங்காக்கினால் டெல்டா நான்கு மடங்கு. ரெசின் கெட்டியாகும்போது சரக்கு தீர்ந்துகொண்டே வருவதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனாலும், ஐந்து கிலோவை ஒரே பக்கெட்டில் கலக்கி டீ குடிக்கப் போனவரின் பக்கெட் ஏன் புகைந்து உருகுகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சின்னச் சின்னதாகக் கலக்க வேண்டும், கலக்கியதை உடனே விரித்துவிட வேண்டும்.

கேட்டலிஸ்ட்டைச் சேமித்து வைப்பதற்கு இந்தக் கணக்கு இன்னும் நேராகப் பொருந்தும். 50 கிலோ பொட்டலத்தை ஒரே சூட்டில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தானாகச் சூடேறிச் சிதையத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலை எது என்று பார்ப்பார்கள். நாம் வாங்கும் சரக்குக்கு அது பொதுவாக 60 டிகிரி அளவில் வரும். கேட்கும்போது தூரம் போலத் தெரியும். மே மாதம் வெயிலில் நிறுத்திய மூடிய கார் அதை நெருங்கிவிடும், தகரக் கொட்டகையும் லேசுப்பட்டதல்ல. அக்கா அரைக் கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் கொடுக்க யோசிக்கிறார். “ஒரு வாரத்துக்குத் தேவையானத மட்டும் எடுத்துட்டுப் போ” என்பார். கேட்டலிஸ்ட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் தண்ணீரில் நனைத்து வைக்கவும் சொல்வார், அந்தத் துணி தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால்.

பின்னறையைத் தனியாகக் கட்டியது 2020-இல் என்று சொன்னார். அந்த ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் முதலில் தீ, பிறகு அமோனியம் நைட்ரேட் வெடிப்பு. அங்கே இருந்தது சுமார் 2,750 டன். அப்போதுதான் நம் வடசென்னை மணலியில் 2015-இல் சுங்கத்துறை பிடித்து வைத்த கிட்டத்தட்ட 700 டன் அதே சரக்கு இருப்பது எல்லார் வாயிலும் அடிபட்டது. அந்த மாதமே லாரிகளில் ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அக்கா வீடு கடைக்கு மேல் மாடியில். பயந்துபோய்க் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பயம் எல்லா ரெசின் கடைக்காரருக்கும் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

குறையும் உண்டு. மேட் ரோல்களை ஷட்டர் ஓரமாக நிற்க வைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஓரம் ஈரம் வாங்கிவிடுகிறது, ஈர மேட்டில் ரெசின் சரியாகப் பிடிக்காமல் வெள்ளை பூத்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேட் மட்டும் வேறு இடத்தில் வாங்குங்கள், அல்லது உள்ளே இருக்கும் ரோலைக் கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் அளக்க மில்லி கோடு போட்ட கப் விற்கலாம், இன்னும் விற்கவில்லை. காலையில் மீன் வண்டிகள் நிற்பதால் டூவீலர் நிறுத்துவதே பெரும்பாடு, பதினோரு மணிக்கு மேல் போனால் நிம்மதி. ஞாயிறு அரை நாள்தான். அரைக் கிலோ கேட்டலிஸ்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முந்தின நாளே போன் செய்தால் எடுத்து வைப்பார்கள்.