ஒரு பற்றரியா, இரண்டு பற்றரியா?

பாவித்த ஜப்பான் கார் வாங்க நிற்பவர்கள் கேட்கிற கேள்வி இது. நின்றதும் எஞ்சின் தானாக அணைந்து, பிரேக்கை விட்டதும் ஸ்டார்ட் ஆகிற கார்களில் இரண்டு வகையும் உண்டு.

வேலை
ஒற்றை: லைட், ஃபேன், ரேடியோ, ஸ்டார்ட்டர் எல்லாம் ஒன்றின் தலையில். கோண்டாவில் ரயில் கடவை மூடியிருக்கையில் பாருங்கள், சார்ஜ் இறங்கினால் எஞ்சின் தானே திரும்ப ஓடத் தொடங்கும்.
இரட்டை: சுமை பிரிகிறது. 2012இல் எனே-சார்ஜ் முறையோடு வந்த சுசுகி வாகன் ஆரில், வழக்கமான ஈயப் பற்றரியோடு முன் சீற்றுக்குக் கீழே சின்ன லிதியம் பற்றரியும் உண்டு. வேகம் குறையும்போது ஆல்டர்னேற்றர் தரும் மின்சாரத்தை ஈயப் பற்றரி மெதுவாகத்தான் விழுங்கும். லிதியம் சட்டென்று வாங்கிவிடும். நிற்கும்போது ரேடியோவை அது பார்க்கும், ஸ்டார்ட்டரை ஈயப் பற்றரி பார்க்கும்.

செலவு
ஒற்றை: ஒன்றை மாற்றினால் போதும், ஆனால் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குகிற ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை ஈயப் பற்றரியாக இருக்க வேண்டும். காசு மிச்சம் என்று நான் சாதாரணம் போட்டேன். வருசம் முடிய முதல் படுத்துவிட்டது.
இரட்டை: லிதியம் போனால் கை கடிக்கும்.

வெயில்
எங்கள் சித்திரை வெக்கை இரண்டிலும் ஈயப் பற்றரியைத்தான் முதலில் தின்னும்.

டவுனுக்குள் பள்ளிக்கூடம், சந்தை என்று நின்று நின்று ஓடுபவருக்கு இரட்டை. ஏ9 நெடுஞ்சாலையில் நீள ஓட்டம்தான் என்றால் ஒற்றையே காணும்.