எட்டு எல்ஈடி பார் லைட்டும் ஒரு 192 டெஸ்க்கும்: அரங்க வகுப்புக்கும் ஆற்றுகை விழாவுக்கும் எவ்வளவு உதவும்?

மேடைக்கு லைட் வேண்டும் என்று கேட்டால் மட்டக்களப்பில் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது எல்ஈடி பார் (PAR) லைட்டைத்தான்: வட்டமான கறுப்புக் கூடு, முன்னால் 54 சின்ன எல்ஈடி, ஒவ்வொன்றும் மூன்று வாட் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நாலு நிறம். கூடவே அந்த லைட்டுகளை இயக்கும் 192 சனல் டெஸ்க் ஒன்று; டெஸ்க்கிலிருந்து வயர் வழியே லைட்டுக்குக் கட்டளை போகும் முறைக்குத்தான் டிஎம்எக்ஸ் என்று பெயர். கலியாண மண்டபத்துக்கும் டிஜேக்கும் என்று செய்த சாமான். அதை அரங்கியல் வகுப்புக்கும் பரிசோதனை ஆற்றுகைக்கும் எடுத்தால் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

ஒளியமைப்பைப் படிப்பிக்கத் தாராளமாக வாங்கலாம். மெல்ல மெல்ல இருட்டுக்குள் போகும் காட்சியை நம்பி நிற்கும் படைப்புக்கு இதை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. நாலு லைட் வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், எட்டு வேண்டும். ஏன் எட்டு என்பது பின்னால் வரும்.

இதன் பெரிய பலம் கரண்ட் கணக்கு. பழைய ஹலஜன் பார் ஒன்று 1000 வாட் இழுக்கும். எட்டுக் கொழுவினால் 8000 வாட், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 35 அம்பியர். பாடசாலை மண்டபத்துச் சுவர் பிளக்கில் அது நடக்காது; தனி வயர் இழுக்க வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமர் பெட்டி வேண்டும், அதைத் தெரிந்த ஆளும் வேண்டும். இந்த எல்ஈடியை 54 தர 3 என்று முழுக்கணக்கில் எடுத்தாலும் 162 வாட்தான். எட்டுக்கும் 1296 வாட், ஆறு அம்பியருக்கும் குறைவு. ஒரே 13 அம்பியர் பிளக் தாங்கும். எல்ஈடியை முழு வலுவில் ஓட்டாத மலிவுத் தயாரிப்புகளும் உண்டு. அதனால் பெட்டியில் உள்ள வாட்டைப் பார்த்து வெளிச்சத்தை மதிக்காமல் சுவரில் அடித்துப் பார்த்தே எடுக்க வேண்டும். எக்ஸ்டென்சன் சுருளை முழுக்க விரித்த பிறகு கொழுவுங்கள். சுருட்டியபடி விட்டால் சூடு உள்ளே தங்கி வயர் இளகும்.

டெஸ்க் பக்கம் வந்தால், அது 12 லைட்டுக்கு இடம் வைத்து லைட்டுக்கு 16 சனல் என்று ஒதுக்குகிறது, மொத்தம் 192. இந்த 16தான் எல்லாரையும் குழப்புவது. லைட்டை எட்டுச் சனல் முறையில் வைத்தால் 1 மாஸ்டர் (மொத்த வெளிச்சம்), 2 சிவப்பு, 3 பச்சை, 4 நீலம், 5 வெள்ளை, 6 ஸ்ட்ரோப் (படபடவென்ற மினுங்கல்), 7 தானியங்கி நிறமாற்றம், 8 அதன் வேகம். எட்டுச் சனல்தானே என்று இரண்டாவது லைட்டுக்கு 9 என்று முகவரி, அதாவது அதன் சனல்கள் தொடங்கும் எண், போடுவார்கள். அப்போது டெஸ்க்கில் இரண்டாம் லைட்டின் பொத்தானை அமத்தினால் ஒன்றும் நடக்காது. முதல் லைட்டின் இரண்டாம் பக்க ஃபேடர்கள்தான் (மேலும் கீழும் தள்ளும் பிடிகள், சனல் 9 முதல் 16 வரை) அதை இயக்கும். சரியான முகவரிகள் 1, 17, 33, 49, 65, 81, 97, 113. ஒவ்வொரு லைட்டின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏழாம் ஃபேடர் ஒரு மயிரிழை ஏறியிருந்தாலும் லைட் தன்பாட்டில் நிறம் மாற்றத் தொடங்கும். லைட் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் அதைப் பாருங்கள். இன்னொன்று: டெஸ்க்கைப் போட்டவுடன் பிளாக்கவுட் பொத்தான் எரிந்தபடிதான் தொடங்கும். அதை ஒருமுறை அமத்தி விடுவிக்காமல் எந்த ஃபேடரைத் தள்ளினாலும் வெளிச்சம் வராது.

காட்சியைப் பதிவது எளிது. புரோகிராம் பொத்தானை மூன்று செக்கன் பிடிக்க அது மினுங்கும். லைட்டைத் தெரிந்து, ஃபேடர்களை வைத்து, பதிவுப் பொத்தானை அமத்தி, 1 முதல் 8 வரை உள்ள காட்சிப் பொத்தான்களில் ஒன்றை அமத்தினால் பதிந்துவிடும். காட்சிகளைத் தொகுத்து வைக்கும் பாங்க் 30, ஒவ்வொன்றிலும் எட்டுக் காட்சி, ஆக 240. சிறு விழா ஒன்றுக்குத் தாராளம்.

கேபிளில்தான் பலர் காசை மிச்சம் பிடித்து நேரத்தை இழக்கிறார்கள். மைக் வயரும் அதே மூன்று முனைப் பிளக்தான், கொழுவினால் வேலையும் செய்யும். ஆனால் நீளம் கூடக் கூடக் கடைசி லைட்டுகள் துடிக்கத் தொடங்கும். டிஎம்எக்ஸ் வயரே வாங்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராகக் கொண்டுபோங்கள், இடையில் இரண்டாகப் பிரிக்க வேண்டாம். கடைசி லைட்டின் வெளிவாயிலில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டாம், மூன்றாம் முனைகளுக்கு இடையில் பற்றவைத்த பிளக்கைச் சொருகுங்கள். ரேடியோ திருத்துகிற எவரும் பத்து நிமிடத்தில் செய்து தருவார். இரவெல்லாம் தேடியும் பிடிபடாத துடிப்புக்கு அநேகமாக இதுதான் மருந்து.

இனிக் குறை. ஒளி மெல்ல அணைய வேண்டிய இடத்தில் இந்த லைட் தட்டுத்தட்டாக விழுகிறது. டிஎம்எக்ஸ் சனல் ஒன்றுக்கு 0 முதல் 255 வரை 256 படிகள். மேலே 200இலிருந்து 190க்கு வருவது கண்ணுக்குத் தெரியாது. கீழே 6, 5, 4 என்று இறங்கும்போது ஒவ்வொரு படியும் தெரியும், ஏனென்றால் இருட்டில் கண் மிகக் கூர்மையாகிவிடும். அதோடு நிறமும் கலையும். வெள்ளை 150, சிவப்பு 70, பச்சை 20 என்று ஒரு கலவை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மாஸ்டர் 5க்கு இறங்கும்போது கணக்குப்படி வெள்ளை மூன்றில் நிற்கும், சிவப்பு ஒன்றில் நிற்கும், பச்சை பூச்சியமாகிவிடும். நடிகரின் முகம் கடைசி இரண்டு செக்கனில் வேறு நிறமாகிப் பிறகு சட்டென்று மறையும். ஒரு பெண் வாய் திறக்காமல் ஐந்து நிமிடம் இருந்து மெல்ல இல்லாமற் போகும் ஆற்றுகையில் அந்தச் சட்டென்ற விழுகை முழுப் படைப்பையும் உடைத்துவிடும். இதற்கு மேல், இந்த டெஸ்க்கில் கையால் காட்சி மாற்றினால் வெட்டியது போலத்தான் மாறும். மெல்ல மாற வேண்டுமென்றால் இரண்டு காட்சிகளைச் சேஸ் ஆக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக ஓடும் தொடராக, பதிந்து ஃபேட் நேரத்தை (ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் நேரத்தை) கூட்ட வேண்டும், அல்லது இரண்டு கையாலும் ஃபேடரை இழுக்கப் பழக வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. 60 வாட் குண்டு பல்ப் ஒன்றையும் வீட்டு டிமர் ஒன்றையும் தனியாக வையுங்கள். கடைசி இருட்டை அந்தப் பல்பிடம் கொடுங்கள். எல்ஈடி 15க்கு வரும்போது பல்பும் எரிந்துகொண்டிருந்தால் எல்ஈடியை வெட்டினாலும் கண் கவனிக்காது. பல்பின் இழை சிவந்து சிவந்து தானாகவே அணையும். அந்தச் சிவப்பை எந்த எல்ஈடியும் இன்னும் சரியாகச் செய்து காட்டவில்லை என்றே சொல்வோம்.

தோல் நிறத்திலும் கவனம் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுக்க ஏற்றினால் வெள்ளை வரும் என்று பெட்டி சொல்லும். அந்த வெள்ளையில் நமது மாநிறம் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும், மஞ்சளும் குங்குமமும் செத்துப்போகும். வெள்ளை எல்ஈடியை அடிப்படையாக வைத்து அதற்கு மேல் சிவப்பைக் கொஞ்சம் சேருங்கள், நீலத்தைத் தொடாதீர்கள். மேலே சொன்ன 150, 70, 20 தொடங்குவதற்கு நல்ல கலவை. நாலு நிறமும் தனித்தனி எல்ஈடிக் கண்ணிலிருந்து வருவதால் கையை நீட்டினால் சுவரில் நிழலின் ஓரம் வானவில் மாதிரிப் பிரியும். லைட்டுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி ட்ரேசிங் பேப்பர் பிடித்தால் நிழல் ஒன்றாகும், ஆனால் கதிர் விரிந்து வெளிச்சம் குறையும். ஹலஜனில் இதைச் செய்தால் பேப்பர் எரியும், மறந்தும் வேண்டாம்.

வட்டமாக இருந்து பார்க்கும் ஆற்றுகைக்கு இங்கே தனிக் காரணம் உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வளர்ந்த மண்ணில் சுற்றிவர இருந்து பார்ப்பது யாரும் புதிதாகக் கற்க வேண்டிய பழக்கம் அல்ல. மட்டக்களப்புச் சீலாமுனையில் அரங்கியலாளர் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கமும் அந்தச் சமூகத்தின் நடுவிலிருந்தே நடந்தது. படச்சட்ட மேடையை விட்டு வெளியே வரும் புதிய ஆற்றுகைகள், கூத்தாடும் வட்ட வெளியான களரியையே மறுபடி தேடி வருகின்றன. ஆனால் களரியில் லைட் வைப்பதில் ஒரு சிக்கல்: ஒருவர் முகத்துக்கு அடிக்கும் லைட் எதிரே இருப்பவரின் கண்ணுக்கும் அடிக்கும். லைட்டை நாலு மீட்டர் உயரத்தில் கட்டி, முகம் ஒன்றரை மீட்டரில் என்று எடுத்தால், 45 பாகைக்கு நடிகரிடமிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தச் சாய்வில் எதிர்ப்பக்கத்து முன்வரிசை கண் கூசும். 60 பாகைக்கு ஏற்றுங்கள், ஏறத்தாழ 1.4 மீட்டர் தூரத்தில் வரும். கண்குழி கொஞ்சம் இருளும், அதை நாலு மூலையிலிருந்தும் அடித்துச் சரிக்கட்டலாம். கதிர் 25 பாகை என்று எடுத்தால் நாலு மீட்டரில் விழும் வட்டம் ஒன்றே முக்கால் மீட்டர்தான். எட்டு லைட் ஏன் என்பது இப்போது விளங்கும்: நாலு லைட் நாலு வட்டத்தைத்தான் தரும், இடையில் நடிகர் இருட்டுக்குள் விழுந்து விழுந்து எழும்புவார்.

படிப்பிக்கும்போது முதல் இரண்டு வகுப்பிலும் 2, 3, 4 ஃபேடர்களின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நிறம் கையில் கிடைத்தால் மாணவர் நிறத்தைத்தான் யோசிப்பார்கள்: கோபத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலம். ஒரு கதிரை, ஒரு ஆள், ஒரு லைட், வெள்ளை மட்டும். முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, தரையிலிருந்து, தலைக்கு மேலிருந்து என்று ஐந்து இடத்துக்கு லைட்டை நகர்த்துங்கள். ஆள் அசைய வேண்டாம், முகபாவம் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் பார்த்திருப்போர் ஒரே கேள்விக்கு எழுதட்டும்: இந்த ஆள் எதற்காகக் காத்திருக்கிறார்? ஐந்து விடையும் வேறு வேறாக வரும்போது ஒளியும் கதை சொல்லும் என்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. போலந்தில் நாடக நெறியாளர் குரோட்டோவ்ஸ்கி ஒளி வித்தைகளைக் கைவிட்டு, அசையாத விளக்குகளுக்கு நடுவே நடிகரை நிழலும் வெளிச்சமும் தேடிப் போக வைத்தார். அதை விளக்கவும் இதே ஒற்றை லைட் போதும்: இப்போது லைட்டை ஓரிடத்தில் விட்டு ஆளை அசையச் சொல்லுங்கள்.

ஒரே மாலையில் நாலைந்து சிறு ஆற்றுகைகளைத் தெரிந்து தொகுப்பவருக்கு இந்தத் தொகுதி நன்றாகப் பொருந்தும், ஒரு விதியைக் கட்டாயமாக்கினால். எட்டில் நாலு பொது ஒளி, இரண்டு பக்க ஒளி. இந்த ஆறையும் எவரும் தொடக் கூடாது. மிச்சம் இரண்டை மட்டும் ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி திருப்பலாம். பாங்க் 1 முதலாம் குழுவுக்கு, பாங்க் 2 இரண்டாம் குழுவுக்கு என்று பிரியுங்கள். ஒவ்வொரு பாங்கிலும் எட்டாம் காட்சி எப்போதும் அந்தப் பொது ஒளியாகவே இருக்கட்டும், ஏதாவது பிசகினால் இயக்குபவர் யோசிக்காமல் அதை அமத்துவார். குழுக்களிடம் இரண்டு கிழமைக்கு முன்பே ஒளிக் குறிப்புத் தாள் கேளுங்கள்: எண், எந்தச் சொல்லில் அல்லது எந்த அசைவில், எந்தக் காட்சி, எத்தனை செக்கன். அந்தத் தாளை நிரப்ப முடியாத குழுவுக்கு ஒத்திகை இன்னும் போதவில்லை என்று அர்த்தம்.

ஒழுங்குவரிசையை லைட்டை வைத்தும் யோசிக்க வேண்டும். இங்கே பொழுது, மாதத்தைப் பொறுத்து, ஐந்து நாற்பதுக்கும் ஆறரைக்கும் இடையில் படும். வெளிச்சம் தேவைப்படாத படைப்பை, வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் கல்கத்தாப் பூங்காவில் செய்தது போன்ற வெறும் உடலும் குரலுமான ஆற்றுகையை, ஐந்து மணிக்குப் போடுங்கள். பிறகு இடைவேளை. காத்தான்குடிப் பக்கமென்றால் பள்ளிவாசலில் மஃரிப் (அந்தி) பாங்கொலியும் தொழுகையும் அந்த நேரத்துக்குத்தான் வரும். ஏழு மணிக்கு இருட்டை நம்பும் படைப்புகள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் ஒலிபெருக்கிக்கு மேல் மௌனத்தை நிகழ்த்த முடியாது, அந்தக் கிழமைகளை விட்டுவிடுங்கள்.

கல்லடிக் கடற்கரையில் இதைக் கட்டுவதானால் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலிலும் பத்துக் கிலோ மண் மூட்டை வேண்டும், லைட்டுக்குப் பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். மழைக்கு இது தாங்காது. ஐப்பசி தொடக்கம் தை வரை வெளியில் வேண்டாம். உப்புக்காற்று பிளக் முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். நிகழ்ச்சி முடிந்த அடுத்த நாளே துடைத்து, சிலிக்கா பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். ஸ்ட்ரோப் போடுவதென்றால் வாசலில் எழுதி ஒட்டுங்கள், வலிப்பு உள்ளவருக்கு அது ஆபத்து.

கடையில் வாங்கும்போது நாலு நிறத்தையும் தனித்தனியே முழுக்க ஏற்றி 54 கண்ணும் எரிகிறதா என்று எண்ணுங்கள். டிஎம்எக்ஸ் வயரை ஓடும்போதே பிடுங்குங்கள். லைட் கடைசி நிறத்திலேயே நின்றால் எடுக்கலாம். தன்பாட்டில் ஆடத் தொடங்கினாலோ, கை தட்டினால் நிறம் மாறினாலோ வேண்டாம், மேடையில் வயர் கழன்றால் மத்தளத்துக்கு அது தாளம் போடும். பிறகு அரை மணித்தியாலம் முழு வெளிச்சத்தில் விட்டுவிட்டு, கடையின் மின்விசிறியை நிற்பாட்டச் சொல்லி லைட்டின் விசிறியைக் கேளுங்கள். இரண்டு மீட்டரில் நின்று ஒருவர் மெல்லிய குரலில் பேச, அவர் சொன்னது முழுக்க உங்களுக்கு விளங்க வேண்டும். எட்டு லைட்டையும் ஒன்றாகப் போட்டு இதைச் செய்யுங்கள்.